டெல்டாவுக்கு அடியில் வாயு ஏரி இருக்கிறதா?

வாசகர் கேள்வி, 3 ஜூன் 2024

எங்கள் ஊர் குத்தாலம் பக்கம். சென்ற வாரம் நடந்த கூட்டத்தில் இரண்டு பேர் பேசினார்கள். பூமிக்குள் பெரிய குகை இருக்கிறது, அதில் வாயு ஏரி போல நிற்கிறது, அதை உறிஞ்சிவிட்டால் குகை காலியாகி ஊரே உள்ளே போய்விடும் என்றார் ஒருவர். உலகத்திலேயே பெரிய வாயு வளம் நம் காலடியில் கிடக்கிறது, அதை மறைக்கிறார்கள் என்றார் மற்றவர். இரண்டில் எது உண்மை?

3 ஜூன் 2024, இரவு

இரண்டும் இல்லை.

குகை கிடையாது. மேலே உள்ள பாறையின் எடை முழுவதும் இறங்கி அழுத்தும் ஆழத்தில், ஊர் அளவுக்கு ஒரு வெற்றிடம் நிற்கவே முடியாது. வாயு இருப்பது மணற்பாறையின் மணிகளுக்கு இடையிலுள்ள நுண்துளைகளில். நல்ல தேக்கப்பாறை என்று துறையில் கொண்டாடுவது 100 பங்கில் 20 பங்கு துளை உள்ள பாறையைத்தான். மீதி 80 பங்கும் கல். அந்த 20 பங்கிலும் பழைய உப்பு நீர் மணிகளை ஒட்டிக்கொண்டு விலக மறுக்கும். எஞ்சிய இடம்தான் வாயுவுக்கு. கையில் எடுத்துப் பார்த்தால் அது சாதாரணக் கல். சுத்தியலால் அடித்தால்தான் உடையும்.

உலகத்திலேயே பெரிது என்பதும் இல்லை. வாயு தேங்கிக் கிடக்கும் இடத்தைத் துறையில் வயல் என்பார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் வயலில் தொடக்கத்தில் இருந்தது சுமார் 2.8 லட்சம் கோடி கன மீட்டர். மேற்கு சைபீரியாவின் உரெங்கோய் அதைவிடவும் பல மடங்கு பெரியது. காவிரிப் படுகையில் கிடைத்தவை துண்டு துண்டான சிறு வயல்கள். அந்த வாயுவுக்காக அமைந்த குத்தாலம், திருமாக்கோட்டை மின் நிலையங்கள் ஒவ்வொன்றும் சுமார் 100 மெகாவாட் திறனுள்ளவை. அந்த அளவில் யோசித்தால் போதும்.

ஏன் சிறியவை என்பதுதான் சுவையான கேள்வி. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

4 ஜூன் 2024, காலை

"அப்படியானால் வாயு அந்த மணற்பாறையில் எப்படி உண்டானது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அங்கே உண்டாகவில்லை. வேறு பாறையில் பிறந்து, நடந்து வந்து, அங்கே மாட்டிக்கொண்டது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பிறந்த இடம் மூலப்பாறை, தங்கிய இடம் தேக்கப்பாறை, தப்பவிடாமல் மேலே மூடியிருப்பது மூடுபாறை. மூன்றும் வெவ்வேறு பாறைகள், வெவ்வேறு காலத்தவை.

மூலப்பாறையை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் டெல்டாவில் தேடவேண்டாம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊருக்குப் போங்கள். மரம் மட்டையில்லாமல் மழை அரித்த செம்மண், சாம்பல் நிற மேடுகள். இடையிடையே ஜிப்சம் இழைகள் வெயிலில் மினுக்கும். குனிந்து தேடினால் அம்மோனைட், பெலம்னைட் தொல்லுயிர் எச்சங்கள் கிடைக்கும். கிரிட்டேசியக் காலக் கடலின் அடியில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த சேறு அது. அதே காலத்துச் சேறு கிழக்கே போகப் போக ஆழத்தில் இறங்கி, டெல்டாவுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கான படிவுக்குக் கீழே கிடக்கிறது. நிலவியலாளர்கள் அங்கே அதைச் சாத்தப்பாடி களிப்பாறை என்கிறார்கள். அதற்கும் கீழே, இன்னும் பழைய ஆண்டிமடம் படிவு.

மாணவர்களைக் காரைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்து, "இதில் வாயு வருமா?" என்று கேட்பேன். வராது. அது ஆழத்துக்குப் போகவே இல்லை, சூடு படவில்லை. கிழக்கே புதைந்த அதன் உறவுக்குத்தான் அந்த விதி வாய்த்தது.

4 ஜூன் 2024, பிற்பகல்

சூடு பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது.

செத்த பாசி, மிதவையுயிர், இலை, மகரந்தம் எல்லாம் சேற்றோடு படிகின்றன. காற்றுப் புகாத அடித்தளமாக இருந்தால் முழுதாக மக்காமல் தங்கும். மேலே மேலே படிவு சேரச் சேர அது அழுந்தி, கெரோஜன் என்ற கரும்பொருளாக மாறும். கெரோஜனை நீரும் கரைக்காது, வழக்கமான கரைப்பான்களும் கரைக்காது. வெப்பம் ஒன்றுதான் உடைக்கும்.

கிலோமீட்டருக்குச் சுமார் 30 டிகிரி வீதம் சூடு கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையில் 30 டிகிரி என்றால் ஒரு கிலோமீட்டரில் 60, மூன்று கிலோமீட்டரில் 120. ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி வரை கெரோஜன் முக்கியமாக எண்ணெய் தரும். அதற்கு மேல் எண்ணெயே உடைந்து வாயுவாகும். கெரோஜனிலிருந்து நேராகவும் வாயு வரும். 200 டிகிரியைத் தாண்டினால் மீத்தேன் தவிர வேறெதுவும் பெரிதாக மிஞ்சாது.

சூடு மட்டும் போதாது, காலமும் வேண்டும். நெல் அவிப்பவர்களுக்கு இது புரியும். தீயைக் குறைத்து நேரத்தை நீட்டலாம், தீயைக் கூட்டி நேரத்தைச் சுருக்கலாம். 1971-இல் லோபாட்டின் என்ற சோவியத் நிலவியலாளர் இதற்கு ஒரு கணக்கே போட்டார்: ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் இரு மடங்கு. இன்று கணினியில் நுட்பமான கணக்குகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தப் பழைய கணக்கைக் கையால் போட்டுப் பார்த்த மாணவர்தான் படுகையை உணர்கிறார் என்பது என் கருத்து.

என்ன செத்தது என்பதும் முக்கியம். ஏரிப் பாசியும் கடல் மிதவையுயிரும் எண்ணெயை அள்ளித் தரும். மரம் செடியின் கழிவு வாயுவைத்தான் அதிகம் தரும். ஆண்டிமடம் படிவில் நிலத்தாவரக் கழிவு நிறைய இருக்கிறது.

7 ஜூன் 2024

நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் ஒன்றுதானே, மன்னார்குடி மீத்தேன் என்பதும் இதே வாயுதானே என்று கேட்டவருக்கு:

மூலக்கூறு ஒன்று, வரலாறு வேறு. மன்னார்குடியின் பழுப்பு நிலக்கரி சூடு படாத இளம் நிலக்கரி. அதில் ஒட்டியிருக்கும் மீத்தேனை எடுக்க வேண்டுமென்றால் முதலில் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் வாயு கரியை விட்டு விடுபடும். நெற்களஞ்சியத்தில் நீரை இறைக்கும் திட்டம் என்றதும் மக்கள் எதிர்த்தது அச்சத்தால் மட்டுமல்ல, அதில் கணக்கும் இருந்தது. 2015-இல் தமிழக அரசு அதை மறுத்தது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஏற்கெனவே இயங்கிவந்த கிணறுகளை அது நிறுத்தவில்லை.

ஆகவே மீத்தேன் திட்டம், ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டம், பழைய எண்ணெய்க் கிணறு என்ற மூன்றையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள். ஒன்றுக்குப் பொருந்தும் வாதம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பொருந்தாத வாதத்தை எதிரில் இருப்பவர் ஒரே நிமிடத்தில் உடைத்துவிடுவார், அதோடு நியாயமான வாதமும் போய்விடும். நான் இதைப் பல கூட்டங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

8 ஜூன் 2024, இரவு. இது நீளும்.

வாயு நடப்பது எப்படி?

முதல் நடை மூலப்பாறையை விட்டு வெளியேறுவது. களிப்பாறையின் துளைகள் நானோமீட்டர் அளவுள்ளவை. அவற்றின் வழியே எதுவும் எளிதில் போகாது. ஆனால் திடக் கெரோஜன் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறும்போது கன அளவு கூடுகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பாறையின் தாங்கும் வலிமையை அழுத்தம் மீறினால் மயிரிழை விரிசல்கள் பிறக்கின்றன, வாயு வெளியே கசிகிறது, அழுத்தம் குறைகிறது, விரிசல் மூடுகிறது, மறுபடி ஏறுகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் இது நடக்கும். பெரும்பகுதி வெளியேறாமலே தங்குவதும் உண்டு. அமெரிக்காவின் பார்னெட் களிப்பாறையில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1980-களிலும் 90-களிலும் போராடி எடுத்தது, அப்படி வெளியேறாமல் தங்கிய வாயுவைத்தான். நீரழுத்தத்தால் பாறையைப் பிளப்பது என்று இன்று பேசப்படுவது அங்கே வணிக அளவில் வென்றது.

இரண்டாம் நடை மணற்பாறைக்குள். இங்கே துளை பெரிது, எல்லாத் துளையிலும் உப்பு நீர். வாயு நீரைவிட எடை குறைந்தது, எனவே மேலே ஏறும். நேர் மேலே போக முடியாவிட்டால், சாய்ந்த அடுக்கின் கூரையை ஒட்டி, சாய்வின் மேல்நோக்கிப் போகும். பத்து, இருபது கிலோமீட்டர் பக்கவாட்டில் போவது அதிசயமே இல்லை.

தடுப்பது எது? துளைகளின் குறுகிய கழுத்து. நீர் நனைத்த நுண்துளைக்குள் வாயுக்குமிழி புக வேண்டுமென்றால் அது தன்னை நெளித்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தேவை. மணற்பாறையில் அது சொற்பம். களிப்பாறையில் மிக அதிகம். வாயு ஏறிப்போய்க் களிப்பாறையில் முட்டி நிற்பது இதனால்தான். நிற்கும் வாயுவின் உயரம் கூடக்கூட அது மூடுபாறையைத் தள்ளும் அழுத்தமும் கூடும். 100 மீட்டர் உயர வாயு நிரல், வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 8 மடங்கு கூடுதலாக மேலே தள்ளும். எந்த மூடுபாறைக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் கசியும்.

உப்புப்பாறை மட்டும் தனி இனம். அது ஆழத்தில் மெல்ல இளகிப் பாயும், விரிசல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். குரோனிங்கன் அவ்வளவு பெரிதானதற்கு அதுவே பெருங்காரணம். கீழே கார்பனிஃபெரஸ் காலத்து நிலக்கரி அடுக்குகள் வாயுவைச் சமைத்தன. மேலே பெர்மியன் காலப் பாலைவன மணற்பாறை அதை வாங்கியது. அதற்கும் மேலே, வற்றிய கடல் விட்டுச்சென்ற செக்ஸ்டைன் உப்பு பூட்டுப் போட்டது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, சுமார் 900 சதுர கிலோமீட்டருக்கு. 1959-இல் ஸ்லோக்தெரன் கிணற்றில் முதலில் தெரிந்தபோது எவ்வளவு பெரிது என்று தோண்டியவர்களுக்கே உடனே விளங்கவில்லை. அடுத்தடுத்த கிணறுகளிலும் அதே அழுத்தம் காட்டிய பிறகுதான் எல்லாம் ஒரே வயல் என்று தெரிந்தது.

காவிரிப் படுகையில் அப்படிப்பட்ட உப்பு மூடி இல்லை. களிப்பாறையே மூடி.

9 ஜூன் 2024

நேற்று விட்ட ஒன்று. பிறந்த வாயுவில் மிகப் பெரும்பங்கு எங்குமே மாட்டாமல் மேலே வந்து காற்றில் கலந்துபோகிறது. நாம் வயல் என்று சொல்வது தப்பாமல் போன சிறுபங்கு. இமாச்சலப் பிரதேசத்து ஜ்வாலாமுகி கோயிலில் பாறையிடுக்கில் எரியும் சுடர் அப்படி வெளியே வந்துகொண்டிருக்கும் வாயு. அசர்பைஜானின் பாக்கு நகருக்கு அருகே சுரஹானியில் உள்ள அதேஷ்கா கோயிலின் தீ 1969-இல் அணைந்துபோனது. சுற்றியுள்ள வயலிலிருந்து வாயுவை எடுத்து எடுத்து அழுத்தம் வற்றிவிட்டது. இப்போது அங்கே எரிவது குழாயில் வரும் வாயு. அந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

15 ஜூன் 2024

"ஏன் சிறிய வயல்கள்" என்ற பாக்கி.

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடையத் தொடங்கியபோது, இந்தியாவின் கிழக்கு விளிம்பு இழுபட்டுக் கீறியது. கருங்கல் அடித்தளம் வடகிழக்கு–தென்மேற்காக நீள் துண்டுகளாக வெடித்தது. சில துண்டுகள் அமிழ்ந்து பள்ளமாயின, இடையில் சில மேடாக நின்றன. வரைபடத்தில் வடக்கிலிருந்து எண்ணினால் அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், கும்பகோணம்–மாதானம் மேடு, தரங்கம்பாடிப் பள்ளம், காரைக்கால் மேடு, நாகப்பட்டினம் பள்ளம், வேதாரண்யம் மேடு என்று மாறி மாறிப் போகும். மேலே சமதள நெல்வயல், ஒரு முழம் ஏற்ற இறக்கம் கூடத் தெரியாது. கீழே ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஆழப் பள்ளமும் அதன் அருகிலேயே மேடும்.

பள்ளம்தான் வாயுவைச் சமைக்கும் இடம். அங்கேதான் ஆண்டிமடமும் சாத்தப்பாடியும் போதிய ஆழத்தில் புதைந்தன. பிறந்த வாயு இரு பக்க மேடுகளை நோக்கி ஏறுகிறது. ஆனால் ஒவ்வொரு பள்ளமும் சிறியது, ஒவ்வொன்றையும் பிளவுப்பெயர்ச்சிகள், அதாவது பாறை உடைந்து நழுவிய பிளவுகள், மேலும் நறுக்கியிருக்கின்றன. வாயு சேர்வதற்குப் பரந்த கூரை கிடைக்கவில்லை, சிறு சிறு அறைகள்தான் கிடைத்தன. மணற்பாறையும் ஒரே விரிப்பாக இல்லாமல், ஆழ்கடல் வாய்க்கால்களில் வழிந்த மணலாகத் துண்டாகிக் கிடக்கிறது. ஒரு கிணற்றில் நல்ல மணல், அடுத்த கிணற்றில் வெறும் களி என்பது இங்கே அன்றாடச் செய்தி.

இன்னொன்று காலவரிசை. வாயு நடந்து வரும்போது பொறி, அதாவது அதைப் பிடித்து நிறுத்தும் பாறை அமைப்பு, தயாராக இருக்க வேண்டும். பொறி பிறகு உருவானால் வெறும் உப்பு நீர்தான். முன்பே உருவாகி, வாயு நிறைந்து, பிறகு படுகை சாய்ந்தால் ஒரு பக்கமாக வழிந்துவிடும். காவிரிப் படுகை பிற்காலத்தில் கிழக்கே, கடல் பக்கமாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வில் எவ்வளவு வழிந்ததோ! நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பி எடுக்கும் படத்தில் அழகான குவிமாடம் தெரியும், தோண்டினால் நீர் வரும். கேள்வி வடிவத்தைப் பற்றியதல்ல, எப்போது என்பதைப் பற்றியது.

1964-இல் காரைக்காலில் முதல் ஆழ்கிணறு. நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது 1985-இல். இடையில் இருபது ஆண்டுகள் ஏன் ஆயின என்று கேட்பவர்களுக்கு மேலே எழுதியதுதான் பதில்.

16 ஜூன் 2024

"பிளவுப்பெயர்ச்சி வழியே வாயு ஏறும் என்கிறார்கள், பிளவுப்பெயர்ச்சி தடுக்கும் என்றும் சொல்கிறார்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்."

ஒன்றைச் சொல்ல முடியாது, ஐயா. களி மிகுந்த அடுக்குகளை அறுத்துக்கொண்டு நகரும் பிளவில் களி தேய்ந்து பூசப்படும், அது மூடிக்கொள்ளும். கெட்டியான சுண்ணாம்புப்பாறையையோ கருங்கல்லையோ அறுத்தால் நொறுங்கிய கல் நிறைந்த வழியாகத் திறந்து நிற்கும். ஒரே பிளவு ஓர் ஆழத்தில் கதவாகவும் வேறோர் ஆழத்தில் சுவராகவும் இருக்கலாம். நகரும் காலத்தில் திறந்து, அடங்கிய பிறகு மூடலாம். ரிக்கில், அதாவது கிணறு தோண்டும் மேடையில், நான் இருந்த காலத்தில் மூத்த நிலவியலாளர்கள் இரண்டு பேர் ஒரே பிளவைப் பற்றி விடியவிடிய வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். கிணறு தோண்டியதும் இருவர் சொன்னதிலும் பாதி சரியாக இருந்தது.

16 ஜூன் 2024, இரவு

ரிக் என்று சொன்னதும் என்ன வேலை என்று கேட்கிறார்கள். மட் லாகர். துளையிடும் குழாய் வழியே கீழே அனுப்பும் சேற்றுக் குழம்பு, குழாயின் நுனியில் உள்ள துளைக்கும் அலகு உடைத்த பாறைத் தூளைச் சுமந்துகொண்டு மேலே வரும். அதைச் சல்லடையில் பிடித்து, கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து, என்ன பாறை என்று எழுதவேண்டும். குழம்பிலிருந்து பிரியும் வாயுவைக் கருவி இடைவிடாமல் அளக்கும். மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் என்று தனித்தனிக் கோடுகள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் உடைந்த தூள் மேலே வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். அதற்குள் அலகு இன்னும் கீழே போயிருக்கும். திரையில் இப்போது உயரும் கோடு இப்போதைய ஆழத்துக்கு உரியதல்ல.

மீத்தேன் கோடு மட்டும் துள்ளினால் மகிழ்ச்சி அடங்கியே இருக்கும். ஈத்தேன், புரோப்பேன் எல்லாம் சேர்ந்து ஏறினால் அறையில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அது வெப்பத்தில் பிறந்த வாயு, ஒருவேளை அருகில் எண்ணெயும் இருக்கும். டெல்டாவில் ஒரு கிணற்றில் அப்படிக் கோடுகள் ஏறியதைப் பார்த்தேன். களிப்பாறை முடிந்து மணல் தொடங்கிய அதே இடத்தில், வெட்டியதுபோல ஏறின. மூடி எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்பதை அன்று காகிதத்தில் கண்ணால் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் பல முறை படித்தது அன்றுதான் உடம்பில் ஏறியது.

20 ஜூன் 2024

பக்கத்து ஊரில் எண்ணெய், எங்கள் ஊரில் வாயு, ஏன்?

பல காரணங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், அது எதிர்பார்ப்புக்கு மாறானது. சாய்ந்த மணற்பாறையில் வரிசையாகப் பல பொறிகள், ஒன்றைவிட மற்றொன்று உயரத்தில் என்று வையுங்கள். கீழேயிருந்து எண்ணெயும் வாயுவும் வருகின்றன. முதல் பொறியில் வாயு உச்சியைப் பிடிக்கும், எண்ணெய் அதன் கீழே. வரத்து தொடர்ந்தால் வாயு பெருகி எண்ணெயை அடிவழியே வெளியேற்றும். அந்த எண்ணெய் அடுத்த, உயரமான பொறிக்குப் போகும். கடைசியில் ஆழமான பொறியில் வாயு, மேட்டுப் பொறியில் எண்ணெய். எடை குறைந்தது மேலே இருக்கும் என்ற பொது அறிவு ஒரு பொறிக்குள் சரி, பொறிகளின் வரிசைக்குத் தவறு. வில்லியம் கஸ்ஸோ 1954-இல் இதை விளக்கினார். உங்கள் இரண்டு ஊர்களுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. மூலப்பாறையின் வகையும் ஆழமும் மாறினாலும் இதே விளைவு வரும்.

29 ஜூன் 2024

கருங்கல்லில் வாயு.

மாதானத்தில் கருங்கல் அடித்தளத்தில் எண்ணெயும் வாயுவும் கிடைத்ததைச் சுட்டிக்காட்டி, "பார்த்தீர்களா, வாயு பூமியின் வயிற்றிலிருந்து வருகிறது, செத்த பாசிக்கும் அதற்கும் தொடர்பில்லை" என்கிறார் ஒரு நண்பர். சீர்காழிப் பக்கத்து இந்த மாதானம் கிணறு மட்டுமல்ல, கடலில் பி.ஒய்-1 வயலும் விரிசல் விட்ட கருங்கல்லில் வாயு தருவதுதான். வியட்நாமின் வெள்ளைப்புலி வயல் இதைவிடப் பெரிய சான்று, அங்கே கருங்கல் எண்ணெயை ஊற்றுகிறது.

ஆனால் மேட்டையும் பள்ளத்தையும் மறுபடி நினைத்துப் பாருங்கள். மாதானம் மேட்டின் கருங்கல் உச்சி, பக்கத்துப் பள்ளத்தில் கிடக்கும் களிப்பாறையைவிட உயரத்தில் இருக்கிறது. வயதில் மூத்தது கருங்கல், உயரத்திலும் அதுவே மேலே. களிப்பாறையில் பிறந்த வாயு மேல்நோக்கி ஏறி வந்து, வானிலை தின்று விரிசலிட்ட கருங்கல் மேட்டுக்குள் புகுந்தது. அதன் மேல் பிற்காலக் களி படிந்து மூடியது. கிணற்றில் கீழே இருப்பதால் வாயு அடியிலிருந்து வந்தது என்று தோன்றுகிறது. குறுக்குவெட்டு வரைந்தால் அது பக்கவாட்டில் ஏறி வந்தது தெரியும். காவிரிப் படுகையில் எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் இதுதான். கரும்பலகையில் வரைந்து முடிக்கும்போது வகுப்பில் ஒருவராவது "அட" என்பார்.

அடியாழத்திலிருந்து வருகிறது என்ற கொள்கையை வானியலாளர் தாமஸ் கோல்ட் உறுதியாக நம்பினார். ஸ்வீடனில், விண்கல் மோதிய சில்யான் வளையத்தில் 1980-களின் பிற்பாதியில் 6 கிலோமீட்டருக்கும் ஆழமாகக் கருங்கல்லைத் துளைத்துப் பார்த்தார்கள். வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை. உயிர்த் தொடர்பின்றி மீத்தேன் பிறக்கவே பிறக்காது என்று நான் சொல்லவில்லை. துருக்கியின் யனார்தாஷ் மலைச்சரிவில் எரியும் சுடரில் பெரும்பங்கு, பாறையும் நீரும் வினைபுரிந்து பிறந்த மீத்தேன். இருக்கிறது, ஆனால் நம் வயல்களை நிரப்பியது அது அல்ல.

2 ஜூலை 2024

முதல் கேள்வியில் ஒரு பாதிக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. குகை இல்லை என்றேன். நிலம் தாழுமா?

தாழலாம். துளைக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தமும் மேலே உள்ள எடையில் ஒரு பங்கைச் சுமக்கிறது. வாயுவை எடுத்தால் அந்தப் பங்கும் மணிகளின் மேல் விழும், மணற்பாறை சற்றே நெருங்கும். குரோனிங்கனில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த இந்த நெருக்கத்தால் மேலே நிலம் வயலின் நடுப்பகுதியில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அதைவிடக் கொடுமை, பழைய பிளவுப்பெயர்ச்சிகள் நழுவி நிலநடுக்கங்கள் வந்தன. 2012 ஆகஸ்டில் ஹவுசிங்க ஊரில் 3.6 அளவு. ஆழம் குறைவு, மண் மென்மை, செங்கல் வீடுகள், ஆகவே சேதம் மிகுதி. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் விரிசல் விட்ட வீட்டோடு ஆண்டுக்கணக்கில் போராடின. 2023 அக்டோபர் 1 முதல் உற்பத்தி நிறுத்தப்பட்டது, 2024-இல் நிரந்தரமாக மூடும் சட்டமும் நிறைவேறியது. பெருமளவு வாயு இன்னும் கீழே இருக்கும்போதே மூடினார்கள்.

நம் வயல்கள் சிறியவை, மெல்லிய அடுக்குகள். அந்த அளவு தாழ்வு இங்கே வரும் என்று எதிர்பார்க்க இயற்பியல் காரணம் இல்லை. ஆனால் கடைமடையில் நிலம் கடல் மட்டத்தை ஒட்டியே கிடக்கிறது. அங்கே சில சென்டிமீட்டரும் வாய்க்காலின் ஓட்டத்தை மாற்றும். நிலத்தடி நீரை இறைப்பதாலும் களி அமிழும். ஆகவே நீரால் எவ்வளவு, வாயுவால் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, தொடர்ச்சியான மட்ட அளவீடு வேண்டும், அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். இதைக் கேட்க விவசாயிக்கு முழு உரிமை உண்டு. ஊர் உள்ளே போய்விடும் என்று கேட்பதைவிட, அளவீட்டைக் காட்டு என்று கேட்பது அதிகாரிக்குக் கடினமான கேள்வி.

3 ஜூலை 2024

எனக்கு வாயு வயலைவிடக் கிணறுகளே கவலை. இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகள் மூடி வைத்த களிப்பாறையை நாம் ஒரு துளையால் துளைக்கிறோம். அந்தத் துளையின் ஓரத்தில் எஃகுக் குழாய்க்கும் பாறைக்கும் இடையே ஊற்றிய சிமென்ட்தான் இனி மூடி. சிமென்ட் சரியாகப் பிடிக்காவிட்டால், அல்லது உப்பு நீரில் எஃகு அரித்தால், வாயு தானே வழி கண்டுபிடித்து ஏறும். நன்னீர் அடுக்குகள் மேலே சில நூறு மீட்டருக்குள்தான். அந்த அடுக்கைக் கடக்கும் குழாயின் சிமென்ட் சோதனை அறிக்கையும், கைவிட்ட கிணற்றில் எந்த ஆழத்தில் அடைப்பு வைத்தார்கள் என்ற குறிப்பும் ஊராட்சியில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

21 ஜூலை 2024

"வயல் ஓரத்துக் குளத்தில் குமிழி வருகிறது. பழைய கிணறு அரைக் கிலோமீட்டரில் இருக்கிறது. பயமாக இருக்கிறது."

முதலில் தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள், தம்பி. யார் சொன்னாலும் வேண்டாம்.

குளத்துச் சேற்றில் நுண்ணுயிர்கள் இலைதழையைத் தின்று மீத்தேனை விடுவது எங்கும் நடப்பது. 1776-இல் வோல்டா இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி இந்த வாயுவைத்தான் பிடித்தார். பெரும்பாலும் உங்கள் குமிழியும் அதுவாகவே இருக்கும். ஆனால் "பெரும்பாலும்" என்பதை வைத்துக்கொண்டு தூங்க முடியாது. சோதித்தால் தெரிந்துவிடும். நுண்ணுயிர் மீத்தேனோடு ஈத்தேனும் புரோப்பேனும் ஏறத்தாழ வராது. ஆழத்து வாயுவில் பெரும்பாலும் அவை கலந்திருக்கும். கார்பன் அணுவில் எடை வேறுபட்ட வகைகள் (ஐசோடோப்புகள்) உண்டு; அவற்றில் எடைகுறைந்தது நுண்ணுயிர் வாயுவில் தூக்கலாக இருக்கும், வெப்பத்தில் பிறந்த வாயுவில் அவ்வளவு இருக்காது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் குழப்பத்துக்கு இடமில்லை.

மாதிரி எடுப்பது இப்படி. கண்ணாடிப் புட்டியில் குளத்து நீரையே காற்றில்லாமல் நிரப்பி, நீருக்குள்ளேயே கவிழ்த்துப் பிடியுங்கள். வாயில் ஒரு புனலை வைத்துக் குமிழிகளை உள்ளே விடுங்கள். முக்கால் புட்டி வாயு சேர்ந்ததும், கொஞ்சம் நீர் மிஞ்சியிருக்கும்போதே, நீருக்குள்ளேயே ரப்பர் மூடியால் அடையுங்கள். தலைகீழாகவே வையுங்கள், மிஞ்சிய நீர் மூடியை அடைத்து நிற்கும். வெயில் படாமல் குளிரில் வைத்து, தாமதிக்காமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் கணக்கை மாற்றிவிடும். இடம், தேதி, நேரம், குமிழி விடாமல் வந்ததா, சேற்றைக் கிளறினால் மட்டும் வந்ததா என்று புட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். கிணற்றிலிருந்து தள்ளி உள்ள இன்னொரு குளத்திலும் அதே நாளில் ஒரு புட்டி எடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். முடிவு வந்ததும் எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.